ஹெல்சின்கிக்குப் பிப்ரவரியில் போங்கள்

வட ஐரோப்பாவுக்குக் குளிர்காலத்தில் போகப்போவதாக யாராவது சொன்னால், அடுத்து வரும் கேள்வி "மைனஸ் எவ்வளவு இருக்கும்?" என்பதுதான். பிறகு கம்பளி உள்ளாடை, கையுறை, காதை மூடும் குல்லாய் என்று பட்டியல் நீளும். பயணக் கையேடுகளும் மாதவாரி வெப்பநிலை அட்டவணையைத்தான் முதலில் நீட்டுகின்றன. பின்லாந்தின் தலைநகரான ஹெல்சின்கிக்கு அந்த அட்டவணையைப் பார்த்தால், டிசம்பர் சராசரி பூஜ்யத்தை ஒட்டியே இருக்கிறது. பிப்ரவரியில் அது மைனஸ் 4 டிகிரி வாக்கில். சரி, டிசம்பர்தான் தாங்கக்கூடியது, கிறிஸ்துமஸ் விடுமுறையும் கூடி வருகிறது, அப்போதே போய்விடலாம் என்று தீர்மானிப்பது இயல்பு. அந்தத் தீர்மானம் தவறு என்பது என் வாதம். வெப்பமானி காட்டும் எண், குளிர்கால ஹெல்சின்கியைப் பற்றிப் பாதியைக்கூடச் சொல்வதில்லை. வெப்பமண்டலத்திலிருந்து போகிற உடம்பை அங்கே உண்மையில் சோதிப்பது வெளிச்சக் குறைவு. குளிரும் இருட்டும் கைகோத்து வந்து கைகோத்துப் போகும் என்று நினைத்துக்கொள்கிறோம். இயற்கையோ இரண்டின் உச்சங்களுக்கும் இடையே ஏறக்குறைய இரண்டு மாத இடைவெளி வைத்திருக்கிறது.

கணக்கு எளியது. ஹெல்சின்கி வடக்கு அட்சரேகை 60 டிகிரியில் இருக்கிறது. சென்னை 13 டிகிரியில். டிசம்பர் 21, 22 தேதிகளில் சூரியன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 23.4 டிகிரி போய்விடுவதால், ஹெல்சின்கியில் நண்பகலில்கூட அது அடிவானத்துக்கு மேல் 6.4 டிகிரிதான் ஏறுகிறது. அதே நாள் சென்னையில் 53 டிகிரிக்கு மேல். ஹெல்சின்கியில் காலை 9.24 வாக்கில் உதித்து, பிற்பகல் 3.13 வாக்கில் மறைந்துவிடுகிறது. பகல் என்பது 5 மணி 49 நிமிடம். இந்த எண்ணும் கொஞ்சம் ஏமாற்றக்கூடியது. அந்த ஆறு மணி நேரத்திலும் கிடைப்பது நாம் பழகிய பகல் வெளிச்சம் அல்லவே. 6 டிகிரி சாய்வில் வரும் கதிர், தலைக்கு நேர்மேலிருந்து வரும் கதிரைவிட எட்டு மடங்கு காற்றைக் கடந்து வரவேண்டும். வந்து சேர்ந்ததும் தரையில் ஒன்பது மடங்கு பரப்பில் பரவிவிடுகிறது. நண்பகலில் 1.7 மீட்டர் உயரமுள்ள ஆளின் நிழல் 15 மீட்டர் நீளம். நகர மையத்தில் தெருவின் இருபுறமும் ஆறேழு மாடிக் கட்டடங்கள் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. 20 மீட்டர் உயரக் கட்டடத்தின் நிழல் 175 மீட்டருக்கு மேல் போகும். கிழக்கு மேற்காக ஓடும் 20 மீட்டர் அகலத் தெரு ஒன்றில் அந்த நிழல் எதிர்வரிசைச் சுவரில் ஏறி, உச்சியில் 2 மீட்டரை மட்டும் விட்டுவைக்கிறது. கடைசி மாடிச் சன்னல்களின் மேல்விளிம்பில் ஒரு செம்மஞ்சள் பட்டை. கீழே நடைபாதையில் போகிறவருக்கு அன்று சூரியன் உண்டென்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. வானம் தெளிந்த நாளில் இந்த நிலை. வெயில் வேண்டுமென்றால் தெற்கே திறந்த இடங்களைத் தேடிப் போகவேண்டும்: வெள்ளைத் தேவாலயம் தெற்கு நோக்கி நிற்கும் செனட் சதுக்கம், துறைமுகத்தை ஒட்டிய சந்தைச் சதுக்கம், கடலோரத்துக் கைவோபுயிஸ்தோ பூங்கா.

ஆனால் டிசம்பரில் வானம் தெளிவதே அபூர்வம். அதற்கும் காரணம் உண்டு; அந்தக் காரணம்தான் இந்த வாதத்தின் அச்சாணி. நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணி வாக்கில் என்றாலும், அனல் உறைப்பது இரண்டு, மூன்று மணிக்குத்தானே. தரையும் காற்றும் சூடேற நேரம் எடுத்துக்கொள்கின்றன. ஆண்டுக் கணக்கிலும் அதே தாமதம் உண்டு. தண்ணீர் சூடேறவும் மெதுவாகத்தான் ஏறும், ஆறவும் மெதுவாகத்தான் ஆறும் என்பதால், கடலோர ஊர்களில் இந்தத் தாமதம் இன்னும் நீளம். கோடையில் வாங்கிய வெப்பத்தைப் பால்டிக் கடல் டிசம்பரிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. அதனால்தான் டிசம்பர் ஹெல்சின்கியில் குளிர் கடுமையாக இல்லை. ஆனால் உறையாத கடல் ஈரத்தையும் சேர்த்தே விடுகிறது. அந்த ஈரம் நகரின் மேல் தாழ்ந்த சாம்பல் நிற மேகப் போர்வையாகப் படிந்து நாட்கணக்கில் நகராமல் கிடக்கிறது. டிசம்பர் மாதம் முழுவதற்கும் சேர்த்து ஹெல்சின்கியில் சூரியன் நேரடியாக முகம் காட்டுவது ஏறத்தாழ 30 மணி நேரம், அதாவது நாளைக்கு ஒரு மணி நேரம்கூடத் தேறாது. பிப்ரவரியில் அது 70 மணி நேரத்தைத் தாண்டுகிறது; மார்ச்சில் 130 வாக்கில். பகலின் நீளம் மட்டும் இந்த ஏற்றத்துக்குக் காரணம் ஆகாது. பொதுவாக ஜனவரியில், நகரை ஒட்டிய பின்லாந்து வளைகுடா உறையத் தொடங்குகிறது. அங்கே உப்பு மிகக் குறைவு என்பதால் மைனஸ் அரை டிகிரிக்கு முன்பே தண்ணீர் பனிக்கட்டியாகிவிடும். பால்டிக் கடலில் பனிக்கட்டியின் பரப்பு உச்சத்தை எட்டுவது பிப்ரவரி இறுதியிலும் மார்ச்சிலும். கடலின் மேல் மூடி விழுந்ததும் ஈரத்தின் ஊற்று அடைபடுகிறது, கிழக்கிலிருந்து வறண்ட காற்று இறங்குகிறது, மேகம் விலகுகிறது. மேகம் விலகினால் இரவில் தரையின் வெப்பம் தடையின்றி விண்வெளிக்குத் தப்புகிறது; ஆகவே குளிர் ஏறுகிறது. அங்கே குளிர் கூடுவதும் வானம் திறப்பதும் பெரும்பாலும் ஒரே நிகழ்வின் இரண்டு முகங்கள்.

பனியின் பங்கையும் இங்கே சேர்க்கவேண்டும். புதிதாகப் பெய்த பனி தன் மேல் விழும் ஒளியில் 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. நனைந்த தார்ச்சாலை 10 சதவீதத்தைக்கூட அனுப்புவதில்லை. பூஜ்யத்தை ஒட்டிய டிசம்பரில் பெய்வது பாதி மழை, பாதி பனி. தரையில் விழுந்ததும் கரைந்து கருஞ்சேறாகிவிடுகிறது. கறுப்புச் சாலை, கறுப்பு மரங்கள், ஈயம் பூசிய வானம் என்று இருக்கிற கொஞ்ச ஒளியையும் நகரம் விழுங்கிக்கொள்கிறது. பிப்ரவரியில் பனி நிலைத்துக் கிடக்கும்போது ஒளி தரைக்கும் மேகத்துக்கும் இடையே மாறி மாறித் தெறிப்பதால், மூட்டமான நாளும் பளிச்சென்று இருக்கிறது.

இதே அட்சரேகையை ஒட்டிய சைபீரியாவின் யாகுட்ஸ்கில் ஜனவரி சராசரி மைனஸ் 35 டிகிரிக்கும் கீழே. ஹெல்சின்கிக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? அட்லாண்டிக்கின் வளைகுடா நீரோட்டம் என்று பள்ளிப் பாடம் சொல்லும். அமெரிக்கக் கடற்படை அதிகாரி மேத்யூ மோரி 1855-இல் வெளியிட்ட கடல் புவியியல் நூல் பரப்பிய விளக்கம் அது. 2002-இல் ரிச்சர்ட் சீகரும் டேவிட் பாட்டிஸ்டியும் உடன் ஆய்வாளர்களும் காலநிலை மாதிரிகளைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். நீரோட்டம் தெற்கிலிருந்து சுமந்து வரும் வெப்பத்தைவிட, கோடையில் அட்லாண்டிக் தானிருக்கும் இடத்திலேயே சேமித்துவைத்த வெப்பத்துக்கும், ராக்கி மலைத்தொடரால் வளைந்து தென்மேற்கிலிருந்து வீசும் காற்றுக்கும்தான் பங்கு அதிகம் என்றார்கள். விவாதம் இன்னும் முடிந்தபாடில்லை. ஆனால் நமக்கு வேண்டிய அளவுக்கு இரு தரப்பும் ஒத்துப்போகின்றன: கதகதப்பு மேற்குக் கடலிலிருந்து காற்றில் ஏறி வருகிறது. வெப்பத்தைக் காற்று சுமந்து வரலாம்; வெளிச்சத்தைச் சுமந்து வர எதனாலும் முடியாது. 60 டிகிரியில் யாகுட்ஸ்கின் குளிரிலிருந்து ஐரோப்பா தப்பித்துக்கொண்டது. யாகுட்ஸ்க் பக்கத்து இருட்டிலிருந்து தப்பவில்லை. சொல்லப்போனால் அந்த ஈரக் காற்று கொண்டுவரும் மேகத்தால் நிலைமை இன்னும் மோசம்.

குளிரை நான் குறைத்துப் பேசுவதாகத் தோன்றலாம். மைனஸ் 20-ஐத் தொடும் நாட்களும் ஹெல்சின்கியில் உண்டு; அசட்டையாக இருந்தால் விரல் மரத்துப்போகும். ஆனால் குளிர், மனிதன் பெரும்பாலும் தீர்த்துவிட்ட சிக்கல். நகரின் கட்டடங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல், தெருவுக்கு அடியில் ஓடும் பொதுவான வெந்நீர்க் குழாய்களிலிருந்து சூடு பெறுகின்றன. வெளியே குளிர் கூடக் கூட அந்த நீரின் சூட்டையும் கூட்டுகிறார்கள். காத்ரி வாலா பூங்காவின் அடியில், பாறையைக் குடைந்து அமைத்த நிலையம் ஒன்று, சுத்திகரித்த சாக்கடை நீரில் மிஞ்சியிருக்கும் வெப்பத்தை உறிஞ்சி இந்தக் குழாய்களுக்குத் தருகிறது. நிலக்கரியை எரித்துச் சூடேற்றிய கடைசி ஆலையும் 2025 ஏப்ரலில் நின்றுபோயிற்று. கட்டடங்களைச் சுற்றிவிட்டுத் திரும்பும் வெதுவெதுப்பான நீரை அலெக்சாண்டரின்கட்டு போன்ற மையத் தெருக்களின் நடைபாதைக் கற்களுக்கு அடியில் ஓடவிட்டுப் பனியை உருக்குகிறார்கள். சன்னல்களுக்கு மூன்று அடுக்குக் கண்ணாடி, அறைக்குள் 21 டிகிரி. உள்ளே இருக்கும்போது குளிரைவிட வறட்சிதான் படுத்துகிறது. மைனஸ் 10 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டரில் சுமார் இரண்டு கிராம் நீராவியைத்தான் தாங்கும். அதை 21 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 12 சதவீத வாக்கில் விழுந்துவிடுகிறது. உதடு வெடிக்கிறது, கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது படபடவென்று பொறி பறக்கிறது, கதவுக் கைப்பிடி சுரீரென்று கடிக்கிறது. வாசலினைப் பெட்டியின் அடியில் வைக்காதீர்கள்.

வெளியே நிலவரம் என்ன? மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால் மைனஸ் 5 என்பது தோலுக்கு மைனஸ் 13 போலத் தாக்கும். பால் சைப்பிளும் சார்லஸ் பாசலும் அண்டார்க்டிகாவில் ஒரு குப்பி நீர் உறைய ஆகும் நேரத்தை அளந்து, 1945-இல் வெளியிட்டுத் தொடங்கிவைத்த கணக்கு இது. இப்போது வழங்கும் சூத்திரம் 2001-இல் திருத்தப்பட்டது. கடலோர நகருக்கு இந்தக் காற்று பெரிய விஷயம்தான். ஆனால் அந்தக் கணக்கில் வராத ஒன்று இருக்கிறது: ஈரம். உடை நம்மைக் காப்பது இழைகளுக்கு இடையே அசையாமல் நிற்கும் காற்றால். அந்த இடத்தில் நீர் புகுந்தால், நீர் காற்றைவிட 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்திவிடும். ஆகவே பூஜ்யத்தில் பெய்யும் டிசம்பர்த் தூறலில் நனைந்தவர், மைனஸ் 8-இல் காய்ந்த பனியில் நடப்பவரைவிட அதிகமாக நடுங்குவார். வழுக்குவதும் அப்படியே. பூஜ்யத்தை ஒட்டி, பனிக்கட்டியின் மேல் நீர்ப்படலம் நிற்கும் நாள்தான் மிக ஆபத்தானது. நன்றாக உறைந்த பனியில், மேலே தூவிய சரளைக்கல்லும் சேர்ந்தால், கால் ஊன்றுகிறது. வெப்பநிலை அட்டவணை "தாங்கக்கூடியது" என்று காட்டிய மாதம் உடம்புக்கு அப்படி இல்லை.

இருட்டுக்கு மேலங்கி கிடையாது. கண்ணுக்குள், பார்ப்பதற்கு உதவாத ஒருவகை நரம்புச் செல்கள் இருப்பதை டேவிட் பெர்சன் குழுவினர் 2002-இல் உறுதிசெய்தார்கள். அவற்றில் உள்ள மெலனாப்சின் என்ற நிறமியை, அதற்கு நான்காண்டு முன்பு இக்னாசியோ புரொவென்சியோ முதலில் கண்டெடுத்தது தவளையின் தோலில். இந்தச் செல்கள் படம் எதையும் மூளைக்கு அனுப்புவதில்லை. இப்போது பகலா, இரவா என்ற செய்தியை உடற்கடிகாரத்துக்கு அனுப்புகின்றன. அந்தக் கடிகாரம் தானாக ஓடவிட்டால் ஒரு சுற்றுக்குச் சராசரியாக 24 மணி 11 நிமிடம் எடுக்கிறது. தினமும் வெளிச்சம் வந்து அதைத் திருத்தவேண்டும். சென்னையில் மூட்டமான நண்பகலில்கூட 15,000 லக்ஸ் வெளிச்சம் உண்டு. ஹெல்சின்கியில் டிசம்பர் மூட்டத்தில் இரண்டாயிரம், மூவாயிரம் தேறினால் அதிகம். அறை விளக்குகள் தருவது 100 முதல் 500 வரை. இதில் இந்தியப் பயணிக்குத் தனியாக ஒரு சங்கடம் உண்டு. குளிர்காலத்தில் ஹெல்சின்கி நேரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கியது. அங்கே விடியற்காலை மூன்று மணிக்கு நம் உடம்புக்கு ஆறரை, தூக்கம் கலைந்துவிடும். சூரியன் வர இன்னும் ஆறு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். அது வந்து, நின்று, போகிற நேரம் நம் உடற்கடிகாரத்துக்குப் பகல் ஒரு மணி முதல் மாலை ஆறே முக்கால் வரை. கடிகாரம் வெளிச்சத்துக்கு மிகக் குறைவாக மசியும் பொழுது அதில் பெரும்பகுதி. மூன்றரை மணி நேர வித்தியாசம் பெரிதில்லை; மாலையில் பிரகாசமான விளக்கொளியில் இருந்தால் நான்கைந்து நாளில் உடம்பு பழகிவிடும். ஆனால் வந்தவர் தங்குவதே அந்த நான்கைந்து நாள்தானே. பிப்ரவரிக் கடைசியில் பகல் பத்து மணி நேரம், சூரியன் 20 டிகிரி உயரம், கீழே பனி. கடிகாரத்துக்குக் கிடைக்கும் செய்தி ஐயத்துக்கு இடமில்லாதது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். இருட்டு அவ்வளவு கொடியது என்றால், உலக மகிழ்ச்சி அறிக்கையில் 2018 முதல் 2025 வரை பின்லாந்து தொடர்ந்து முதலிடத்தில் இருப்பது எப்படி? தவிரவும், குளிர்கால மனச்சோர்வு என்ற நோயை 1984-இல் நார்மன் ரோசந்தாலும் சகாக்களும் வரையறுத்தார்கள் என்றாலும், 34,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் விவரங்களை ஆராய்ந்து 2016-இல் வெளியான ஆய்வு, மனச்சோர்வுக்கும் பருவத்துக்கும் தொடர்பே காணவில்லை. இரண்டும் உண்மை. ஆனால் மகிழ்ச்சி அறிக்கை கேட்பது, உங்கள் வாழ்க்கையை மொத்தமாக 10-க்கு எத்தனை என்று மதிப்பீர்கள் என்பது. அந்த விடையில் அரசின் மேலுள்ள நம்பிக்கையும் வேலைப் பாதுகாப்பும் இருக்கின்றன, டிசம்பர் காலை ஏழு மணியின் மனநிலை இல்லை. ஊர்க்காரர்களுக்கு இருட்டோடு பழகும் ஏற்பாடுகள் தலைமுறைகளாக உண்டு: சவுனா என்னும் வெப்பக் குளியல், சன்னலுக்குச் சன்னல் விளக்கு, ஜனவரியில் நகரையே ஒளியால் அலங்கரிக்கும் லக்ஸ் ஹெல்சின்கி விழா. ஐந்து நாள் வந்துபோகிறவருக்கு அந்தப் பழக்கம் வாய்க்காது. மேலும், என் வாதம் நோயைப் பற்றியதே அல்ல. தூக்கம் கெட்டு, பிற்பகல் மூன்று மணிக்கே கண்ணைச் சுழற்றி, பார்க்க வந்ததைப் பார்க்கமுடியாமல் போவதற்கு யாரும் நோயாளியாக இருக்கவேண்டியதில்லை.

இருட்டைப் பார்க்கத்தானே போகிறோம், துருவ ஒளி வேண்டாமா என்பது அடுத்த மறுப்பு. வானம் தெளிவாக இருந்தால் பின்லாந்தின் வடகோடியில் பெரும்பாலான இரவுகளில் துருவ ஒளி தெரியும். தெற்குக் கரையில் உள்ள ஹெல்சின்கியில் மாதத்துக்கு ஒரு முறை வாக்கில்தான், அதையும் நகர வெளிச்சம் மங்கடிக்கும். வடக்கே லாப்லாந்துக்குப் போவதாக வைத்துக்கொண்டாலும் டிசம்பர் நல்ல தேர்வாகாது. பூமியின் காந்தப் புலமும் சூரியக் காற்றின் காந்தப் புலமும் எளிதாகக் கோத்துக்கொள்வது மார்ச், செப்டம்பர் மாதங்களின் சமபகல் நாட்களை ஒட்டி என்று கிறிஸ்டோபர் ரஸலும் ராபர்ட் மெக்பெரனும் 1973-இல் விளக்கினார்கள். மார்ச்சில் லாப்லாந்து இரவும் போதிய அளவு நீளம், வானமும் டிசம்பரைவிடத் தெளிவு. டிசம்பருக்காக நியாயமாகச் சொல்லக்கூடிய ஒன்று அந்திநேரம். சூரியன் சாய்ந்து சாய்ந்து இறங்குவதால் ஹெல்சின்கியில் மறைவுக்குப் பின் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வெளிச்சம் தங்குகிறது. சென்னையில் அது 25 நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். அப்போது தலைக்கு மேல் பரவும் ஆழ்ந்த நீலத்துக்கு ஓசோன் படலம் காரணம் என்று 1953-இல் எட்வர்ட் ஹல்பர்ட் காட்டினார். அழகுதான், மறுக்கவில்லை. மேகம் விட்டால் பார்க்கலாம். பிப்ரவரியிலும் அது முக்கால் மணி நேரம் கிடைக்கிறது, மேகமும் அதிகமாக விடுகிறது.

கிறிஸ்துமஸ் என்று சொல்பவர்களுக்கு வாதம் தேவையில்லை, தகவல் போதும். செனட் சதுக்கத்துச் சந்தை டிசம்பரின் முதல் மூன்று வாரங்களில் களைகட்டும். 24-ஆம் தேதி மதியத்துக்குப் பிறகும் 25 முழுக்கவும் கடைகளும் அருங்காட்சியகங்களும் பெரும்பாலும் பூட்டிக்கிடக்கும். அது வீட்டோடு கொண்டாடும் பண்டிகை. பின்லாந்துப் பள்ளிகள் பனிச்சறுக்குக்கென்று ஒரு வாரம் விடுமுறை விடுகின்றன, பகுதிவாரியாக மாற்றி மாற்றி. அது விழுவது பிப்ரவரி நடுவுக்கும் மார்ச் தொடக்கத்துக்கும் இடையில். குளிர்காலத்தை எப்போது அனுபவிக்கவேண்டும் என்று அந்த ஊர்க்காரர்களே போட்டுவைத்திருக்கும் கணக்கு அது. புவி சூடாவதால் இனிமேல் பிப்ரவரியில் பனி இருக்கும் என்று என்ன நிச்சயம் என்று கேட்டால், நிச்சயமில்லைதான். 2019-20 குளிர்காலத்தில் பால்டிக் பனிக்கட்டியின் அதிகபட்சப் பரப்பு வெறும் 37,000 சதுர கிலோமீட்டர், பதிவுகளிலேயே மிகக் குறைவு. ஹெல்சின்கித் தெருக்களும் அந்தப் பருவத்தில் பெரும்பாலும் பனியின்றியே கிடந்தன. ஆனால் சூரியனின் உயரம் எந்தக் கரியமில வாயுவாலும் மாறாது. கடல் உறையாமல் மேகம் நீடித்து, பனியும் இல்லாமல் போனால் குளிர்காலத்தின் குளிர் குறையும், இருட்டு கூடும். வெப்பநிலை அட்டவணையை மட்டும் நம்பிப் போகிறவர் இன்னும் மோசமாக ஏமாறுவார்.

ஆகவே டிக்கெட் எடுக்கும் முன், போகிற ஊரின் சூரிய உதய, மறைவு நேரங்களையும் மாதத்துக்கு எத்தனை மணி நேரம் வெயில் என்பதையும் பாருங்கள். ஹெல்சின்கி என்றால் பிப்ரவரி கடைசி வாரத்திலிருந்து மார்ச் நடு வரை வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பகல் தினமும் ஐந்து நிமிடத்துக்கு மேல் நீள்கிறது. ஒரு வாரம் தங்கினால் கிளம்பும் நாளின் பகல், வந்த நாளைவிட அரை மணி நேரத்துக்கு மேல் நீளம். டிசம்பரைத் தவிர்க்கவே முடியாதவர்கள் அருங்காட்சியகங்களையும் கடைகளையும் மாலைக்கு ஒதுக்கிவிட்டு, பதினொன்று முதல் இரண்டு மணி வரை கடலோரமாக வெளியே நடங்கள். மூட்டமாக இருந்தாலும் அறை விளக்கைப் போலப் பத்து மடங்கு வெளிச்சம் அங்கே உண்டு. மூன்று மாதம் பொறுப்பவர்களுக்குக் கூடுதல் கூலி உண்டு: மார்ச் 20 வாக்கில் ஹெல்சின்கியின் பகலும் சென்னையின் பகலும் ஏறக்குறைய ஒரே நீளம்.